துரை பக்கத்து நியாயம்

இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க சார், அங்க இன்னும் கொஞ்ச நேரத்துல வெயில் வந்துரும். நானும் காலைல இருந்து நிழலோடயேதான் நகந்துக்கிட்டு இருக்கேன். பரிட்சை எழுதுறது உங்களுக்கு யாரு, மகளா? பி.காமா. நல்லது. எனக்கு வீட்டுக்காரி. சிரிச்சுக்கோங்க, ஒண்ணும் இல்ல. வாட்ச்மேனே சிரிச்சுட்டான். "மகள் உள்ள போயிருச்சா சார்"னு கேட்டான். "மகள் இல்லப்பா, மகளைப் பெத்தவ"ன்னேன். எம்.ஏ இங்கிலீஷ், கரஸ்ல, தபால் வழியாப் படிக்கா. இன்னைக்கு நாவல் பேப்பர். அந்த நாவலாலதான் சார் எங்க வீட்ல ஒரு கூத்தே நடந்துபோச்சு.

எனக்குக் கோயில்பட்டி. செண்பகா எலெக்ட்ரிகல்ஸ்னு கேட்டா பஜார்ல யாரும் கைகாட்டுவாங்க. அவ பேரு செண்பகவல்லி. கடைக்குப் பொண்டாட்டி பேரை வச்சவன் எங்க தெருவுல நான் ஒருத்தன்தான். அதை எதுக்குச் சொல்லுதேன்னா, அவளை நான் எப்படி வச்சிருக்கேன்னு நீங்க முதல்ல தெரிஞ்சுக்கணும். பின்னால கதையில ஒரு துரை வருவான், அப்ப உங்களுக்கு நியாயம் புரியும்.

எங்க கல்யாணத்தப்ப அவ பி.ஏ ரெண்டாம் வருசம். "மிச்சத்தையும் முடிச்சிருதேங்க"ன்னா. முடின்னுதான் சொன்னேன். வேண்டாம்னு என் வாயில ஒரு வார்த்தை வந்ததில்ல சார், சாமி சத்தியமா. சித்திரை கழியட்டும்னேன். பிறகு பெரியவன் வயித்துல. பிறகு கடையை மாத்தினோம். பிறகு எங்க அம்மா படுத்துட்டா. ஒவ்வொரு தடவையும் பாக்கலாம், பாக்கலாம்னுதான் சொன்னேன். தடுக்கிறவன் இப்படியா சொல்லுவான்? தடுக்கிறவன் கூடாதும்பான்.

மகளைக் கட்டிக் குடுத்த பிறகு, அவ பாட்டுக்குக் கரஸ்ல சேந்து அந்த பி.ஏவை முடிச்சிருக்கா. எனக்குத் தெரியாது. பரிட்சை எழுதப் போற நாளெல்லாம் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத் திருநெல்வேலி பஸ் ஏறியிருக்கா. இந்த மடையனும் தங்கச்சி பிள்ளைகளுக்குன்னு கடலைமிட்டாய் வாங்கிக் குடுத்துவிட்டிருக்கேன். அதைப் பரிட்சை ஹால் வாசல்ல கூடப் படிக்கிறவங்க எல்லாரும் உக்காந்து தின்னிருக்காங்க. இன்னைக்கும் அந்தக் கூட்டத்துல எனக்குக் கடலைமிட்டாய் அண்ணாச்சின்னுதான் பேரு.

பாஸான சேதியை எனக்குச் சொன்னது டெய்சி டீச்சர். நடுநிலைப்பள்ளியில வேலை பாக்கா, செண்பகத்தோட கரஸ்ல படிச்சவ. வீட்டுக்குக் காலிங்பெல் வாங்கக் கடைக்கு வந்தா. "அண்ணாச்சி, அக்கா பர்ஸ்ட் கிளாஸாமே, ஸ்வீட் எங்க"ன்னு கேட்டா. எதுல பர்ஸ்ட் கிளாஸுன்னு நான் கேக்க முடியுமா? ஆமாமான்னு சொல்லி, பெல்லை டப்பாவுல இருந்து எடுத்து, அமுக்கி, சத்தம் கேட்டு, மறுபடி உள்ள வச்சு, மறுபடி எடுத்து அமுக்கி… கடைப்பையன் என்னையே பாக்கான். வீட்டுக்குப் போய் நான் கோபப்படல. கோபப்பட நான் என்ன அந்தக் காலத்து ஆளா? ரெண்டு நாள் பேசல, அவ்வளவுதான். மூணாம் நாள் அவதான், "எம்.ஏவுக்குப் பணம் கட்டிட்டேங்க, இந்தத் தடவை சொல்லிட்டேன்"னா. சரின்னேன். வேற என்னத்தைச் சொல்ல.

அது மட்டுமா? ஞாயித்துக்கிழமை காலைல எல்லாரும் நம்ம வீட்லயே கூடிப் படிங்கன்னு நான்தான் சொன்னேன். ஹால் பெருசு. மூணு பேரு வருவாங்க. டெய்சி டீச்சர். கூரியர் ஆபீஸ்ல இருக்கிற இர்ஃபான், தங்கமான பையன். அப்புறம் சுபாஷிணின்னு ஒரு பிள்ளை, காலேஜ் முடிச்ச கையோட சேந்திருக்கு, வாய் கொஞ்சம் நீளம். செண்பகத்தோட நாலு பேரு. டீ நான்தான் போடுவேன். இத்தனை வருசத்துல அடுப்பை நான் பத்தவச்சது அப்பதான். முதல் வாரம் சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டேன். இர்ஃபான் மட்டும் ஒண்ணும் சொல்லாமக் குடிச்சான். அதான் சொன்னேன், தங்கமான பையன்னு.

அப்பத்தான் இந்த நாவலை எடுத்தாங்க. பழைய இங்கிலீஷ் பேய் நாவல். வெள்ளைக்காரன் பேய்க்கதைன்னா இருட்டு வீடு இல்லாம எழுதமாட்டான்போல. கதை என்னன்னா, லூயிசான்னு ஒரு பொண்ணு. பாட்டு வாத்தியார் மகள், கையில காசு கிடையாது, ஆனா பியானோ நல்லா வாசிப்பா. அவளைப் பெரிய எஸ்டேட்காரத் துரை ஒருத்தன் கட்டிக்கிட்டு வாரான். அவன் பேரு என் வாயில நுழையல, நான் துரைன்னே சொல்லுதேன். கடலோரம் சதுப்பு நிலம், அதுல தனியா ஒரு பெரிய வீடு. குதிரை வண்டியில பொழுது சாய வந்து இறங்குதா. ஒரு கிழவி லாந்தரைத் தூக்கிக்கிட்டு வந்து கதவைத் திறக்கா. அதோட முதல் அத்தியாயம் சரி.

முதல் அஞ்சு அத்தியாயத்தை மாசக்கணக்காப் பேசினாங்க சார். அந்தப் பொண்ணு இன்னும் வீட்டுக்குள்ள முழுசாப் போகல, மாடிப்படி ஏறல, அதுக்குள்ள எனக்கு மூணு தேயிலை டப்பா காலி. மேகம் ஏன் கறுப்பா இருக்குன்னு ஒரு வாரம் பேசினாங்க. மழை வரும், கறுப்பா இருக்கு, இதுல என்ன. லாந்தர் ஏன் அணைஞ்சு அணைஞ்சு எரியுதுன்னு ஒரு வாரம். நான் அடுப்படியில இருந்து, "திரியைத் தூண்டிவிட்டா எரியும்"னேன். சுபாஷிணி சிரிச்சுட்டு, "அண்ணாச்சி, அது பயத்துக்கு அடையாளம்"னா. ரெண்டு டியூப்லைட்டும் ஒரு இன்வெர்ட்டரும் இருந்தா அந்தக் கதையே கிடையாது, நாலு பேரும் வேற பாடத்தைப் பாக்கப் போயிருப்பாங்க. இதையும் சொன்னேன். யாரும் சிரிக்கல. நானே சிரிச்சுக்கிட்டேன்.

விசயம் என்னன்னா பியானோ. அந்த வீட்டு ஹால்ல நல்ல பியானோ ஒண்ணு கிடக்கு. ஆனா மூடி பூட்டியிருக்கு. லூயிசா சாவி கேக்கா. துரை அன்பாத்தான் சொல்லுதான், "இங்கதான் எங்கயாவது இருக்கும் கண்ணு, தேடிப் பாக்கலாம், என்ன அவசரம்"னு. ரெண்டாம் அத்தியாயத்துல கேக்கா. மூணாம் அத்தியாயத்துல கேக்கா. விருந்தாளி போகட்டும்ங்கான். மழை நிக்கட்டும்ங்கான். நாலாம் அத்தியாயத்துல, பூட்டின பியானோவுல இருந்து அவளுக்குப் பாட்டுச் சத்தம் கேக்குது.

யாரு வாசிக்காங்கன்னு இவங்களுக்குள்ள ஒரே அடிதடி. இர்ஃபான், "துரையோட செத்துப்போன மூத்த சம்சாரத்தோட ஆவிதான். வேற யாரு இருக்க முடியும்"ங்கான். சுபாஷிணி, கிழவிகிட்டத்தான் சாவி இருக்குங்கா. டெய்சி டீச்சர் எலிங்கா. எலி பாட்டு வாசிக்குமா டீச்சர்னு நானே கேட்டுட்டேன்.

கடைசியா செண்பகம் மெதுவா, "ஆவியும் இல்ல, எலியும் இல்ல. அவளுக்கே கேக்குது. பழகின கை. வாசிக்காம மடியில வச்சுக்கிட்டு இருந்தா அது எங்க போகும்? காதுக்குள்ள வந்து வாசிக்கும்"னா.

டெய்சி டீச்சர் செண்பகத்தோட கையைப் பிடிச்சுக்கிட்டா. எதுக்குப் பிடிச்சான்னு எனக்கு இன்னும் புரியல. செண்பகத்துக்குப் பியானோவெல்லாம் தெரியாது சார். ஆர்மோனியம்கூட வாசிச்சதில்ல.

அடுத்த வாரந்தான் சண்டை. நான் டீத்தட்டைத் தூக்கிக்கிட்டு உள்ள போறேன், அந்தச் சுபாஷிணி சொல்லுது, "இந்தக் கதையில பேயே தேவையில்ல. அந்த ஆள்தான் வில்லன். நல்லாப் பேசுதான் பாருங்க, அதான் ஆபத்து."

எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. தட்டைக் கீழ வச்சேன்.

"ஏம்மா, அந்த மனுசன் என்ன பண்ணினான்? அடிச்சானா?"

"இல்ல அண்ணாச்சி."

"குடிச்சானா? சோறு போடலையா? ஒரு வேலைக்காரி, குதிரை வண்டி, அவ்வளவு பெரிய வீடு. கையில காசில்லாத பொண்ணைக் கூட்டிட்டு வந்து ராணி மாதிரி வச்சிருக்கான்."

இர்ஃபான்தான் தயங்கித் தயங்கி, "சாவியைக் குடுக்கலையே அண்ணாச்சி"ன்னான்.

"தொலைஞ்சிருக்கும்பா. என் கடையில வாரத்துக்கு ஒரு சாவி தொலையுது."

"தொலைஞ்சா தேடணும்ல? தேடினாரா?" இது டெய்சி டீச்சர்.

"எஸ்டேட்டை நடத்துதவன் டீச்சர். ஆம்பளைக்கு ஆயிரம் சோலி இருக்கும். சாவியைத் தேடிக்கிட்டு இருந்தா பொழப்பை யாரு பாப்பா? அவன் இல்லைன்னா சொன்னான்? பாக்கலாம்னுதானே சொன்னான்?"

நான் கொஞ்சம் சத்தமாப் பேசிட்டேன்போல. பக்கத்து வீட்டு மிக்ஸி நின்னுபோச்சு. எல்லாரும் செண்பகத்தைப் பாக்காங்க. அவ புஸ்தகத்துல இருந்து நிமிரவே இல்ல.

"எனக்குத் துரை மேல கோபம் இல்ல"ன்னா. அதைக் கேட்டதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. "லூயிசா மேலதான் கோபம். ஒரு பூட்டு. தோட்டத்துல சுத்தியல் கிடக்குன்னு ரெண்டாம் அத்தியாயத்துலயே வருது. ஒரே போடு போட்டிருக்கலாம். அஞ்சாம் அத்தியாயம் வரைக்கும் சாவி வரும் சாவி வரும்னு உக்காந்திருக்கா பாருங்க, அவ மேலதான் கோபம்."

பாத்தீங்களா, அவளே துரை மேல தப்பில்லைன்னு சொல்லிட்டா. நான் ஜெயிச்சமாதிரிதானே? ஆனா அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கல. அயிரை மீன் குழம்பு வச்சிருந்தா. அயிரைக் குழம்பை நான் மிச்சம் வச்சதே கிடையாது. அன்னைக்கு மிச்சம் வச்சேன்.

அந்த வாரத்துக்குள்ள நான் ஒரு வேலை பண்ணினேன். கேட்டா என்னையச் சின்னப்பிள்ளைம்பீங்க. "ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறேன், கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாவது வச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டேன். பெயிண்ட் அடிக்கிற எண்ணமே எனக்குக் கிடையாது. செண்பகம் சரின்னுட்டா. ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா நானும் கொஞ்சம் கத்திட்டு, சரி இங்கயே இருங்கன்னு விட்டிருப்பேன். அவ சரின்னுட்டாளே. இப்ப வாய்விட்டதுக்கு நான் பெயிண்ட் அடிச்சாகணும். ஆள் கூப்பிட்டு அடிச்சேன். இளநீர் கலர்னு அட்டையில பாத்துத்தான் எடுத்தேன். செவுத்துல ஏறினதும் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆயிருச்சு. எங்க வீட்டுக்கு வாரவங்க இப்பக்கூட மெதுவாத்தான் பேசுதாங்க.

ஞாயித்துக்கிழமை டெய்சி டீச்சர் வீடுன்னு ஆயிருச்சு. செண்பகம் காலைலயே சமைச்சு ஹாட்பாக்ஸ்ல மூடி வச்சிட்டுக் கிளம்பிருவா. நான் அந்தப் பச்சை ஹால்ல உக்காந்து டீவியை மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருப்பேன். டீ போடுவேன். கை பழகிருச்சுல்லா, ஆளுக்கு ஒண்ணுன்னு அஞ்சு டம்ளருக்குத் தண்ணி வச்சிருவேன். மிச்சத்தைச் செடிக்கு ஊத்துவேன். டீத்தண்ணி குடிச்சே எங்க ரோஜாச்செடி ஒண்ணு பட்டுப்போச்சு.

ஐப்பசி அடைமழையில ஒரு நாள், அவ குடை எடுக்காமப் போயிட்டா. கூட்டிட்டு வரலாம்னு நான் வண்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். டெய்சி டீச்சர் வீடு ஸ்டேசன் பக்கம், சின்ன வீடு. ஜன்னல் தெருவைப் பாத்து இருக்கு. பெல்லுல கையை வைக்கப் போறேன், உள்ள ஒரு குரல் கேக்குது. இங்கிலீஷ். தங்குதடை இல்லாமப் போகுது. யாரோ வாத்தியாரம்மா வந்திருக்காங்கபோலன்னு நினைச்சேன். ஜன்னல் வழியாப் பாத்தா, செண்பகம் சார்.

கையை ஆட்டி ஆட்டிப் பேசுதா. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷு வாட்ஸ், வோல்ட்டு, ஆம்பியர், அவ்வளவுதான். ஒண்ணும் விளங்கல. இடையில அவ ஏதோ சொன்னா, மத்த மூணு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்காங்க. அவளும் சிரிக்கா. நாங்க வீட்ல பேசுறது என்ன சார், தண்ணி வந்துச்சா, கேஸ் போட்டியா, மருமகன் போன் பண்ணினாரா. இவளுக்குச் சிரிக்கவைக்கிற மாதிரிப் பேச வரும்னே எனக்குத் தெரியாது. பெல்லை அமுக்கினா பேச்சு நின்னுரும். அதனால அமுக்கல. நனைஞ்சுக்கிட்டே நின்னேன். அவங்க முடிச்சு வெளிய வர்ற வரைக்கும் நின்னேன்.

பிறகு காய்ச்சல் வராம என்ன பண்ணும். மிளகு ரசம் வச்சுக் குடுத்துட்டுக் கேட்டா, "வந்தவர் ஏன் பெல் அடிக்கல?"

"பெல் வேலை செய்யல"ன்னேன்.

மறுநாள் டெய்சி டீச்சர் கடைக்கு வந்து, "பெல் நல்லாத்தானே அடிக்குது அண்ணாச்சி, உங்க கடையில வாங்குனதுதானே"ங்கா. என் சரக்கை நானே கெட்டதுன்னு சொன்ன ஏவாரி நான் ஒருத்தன்தான்.

காய்ச்சல் விட்டதும் செண்பகத்துகிட்டச் சொன்னேன், "பெயிண்ட்டெல்லாம் காய்ஞ்சிருச்சு. இனிமே இங்கயே வச்சுக்கோங்க"ன்னு. அது காய்ஞ்சு எத்தனையோ நாளாச்சு. அவ துணியை மடிச்சுக்கிட்டே, "வேண்டாங்க. அங்க எங்களுக்குப் பழகிருச்சு"ன்னா. கோபமாச் சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னா. ஆனா எங்களுக்குன்னு சொன்னா பாருங்க. அதுல நான் இல்லல்லா.

சரி, நாமளும் அந்தத் துரையை ஒரு கை பாப்போம்னு, இர்ஃபான் பார்சல் குடுக்கக் கடைக்கு வந்தப்பக் கேட்டேன். "தம்பி, கடைசியில அந்தத் துரை என்னதான் ஆனான்? கெட்டவன்னு ஆயிருதா?"

அவன் கையெழுத்து வாங்கிக்கிட்டே சிரிச்சான். "இல்ல அண்ணாச்சி, கடைசி வரைக்கும் நல்லவராத்தான் இருக்காரு. அதான் அதுல சிக்கலே"ன்னான்.

நல்லவனா இருக்கிறதுல என்ன சார் சிக்கல்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே சிக்கல்தான்.

அதுல இருந்து பரிட்சை வரைக்கும் நான் வாயைத் திறக்கல. வீட்ல டீவி சத்தம் கிடையாது. காலைல டீ நான்தான். அவ சொல்லிச் செய்யல, நானாத்தான். இன்னைக்குப் பஸ்ல போயிருதேன்னா, நான்தான் காரை எடுத்தேன். கங்கைகொண்டான் தாண்டும்போது மனசு கேக்காமச் சொன்னேன். "செண்பகம், துரையைப் பத்திக் கேள்வி வந்தா அவன் பக்கத்து நியாயத்தையும் ரெண்டு வரி எழுது"ன்னேன். அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. சிரிச்சாளா, இல்ல வேற என்னமுமான்னு ஓட்டுதவனுக்குத் தெரியல.

இருங்க, பெல் அடிச்சுட்டாங்க. உங்க மகள் எந்தப் பக்கமா வரும்? அந்தா வாராங்க பாருங்க, நாலு பேரு சேந்து, அதுல நீலச் சேலை. சிரிச்சுக்கிட்டு வாரா, நல்லா எழுதியிருப்பா. ஒரு நிமிசம் இருங்க சார், என்னன்னு கேட்டுட்டு வந்துருதேன். பையைப் பாத்துக்கோங்க.

…சார், கேட்டீங்களா. துரையைப் பத்தியே கேள்வி வந்திருக்கு. பெரிய கேள்வி. அந்த ஆள் குற்றவாளியா இல்லையா, ஆராய்கன்னு. என்ன எழுதினன்னு கேட்டேன். "குற்றவாளிதான்னு எழுதிட்டேன்"னா. என் மூஞ்சி போன போக்கைப் பாத்திருப்பாபோல. "அவர் பக்கமும் ஒரு பாரா எழுதியிருக்கேங்க. டீத்தட்டைக் கீழ வச்சிட்டு நீங்க சொன்னீங்கல்ல, அதையேதான் இங்கிலீஷ்ல எழுதினேன். ரெண்டு பக்கமும் எழுதினாத்தான் மார்க் வரும்"னா. நாங்க பஸ்லயே வந்துருதோம், டீ குடிச்சிட்டு மெதுவா வருவோம், நீங்க போய்க் கடையைத் திறங்கன்னும் சொல்லிட்டா. அது கிடக்கட்டும்.

முழுசா ஒரு பாரா சார். அவ்வளவு பெரிய பரிட்சையில, திருத்துற புரொபசர் படிப்பாரு. எனக்குன்னு ஒரு பாரா எழுதியிருக்கா.

என்ன சார் அப்படிப் பாக்கீங்க? அவனுக்குன்னுதானே சொன்னேன்?